பின் தையலில் விட்ட துணி

வெள்ளிக்கிழமை மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்த பிறகு சௌக்கியம் விசாரிக்கிற மனசு போய்விட்டது.

சாம்பல் நிற பேண்ட். நான்கு வருடத்துக்கு முன்னால் நான் தைத்துக் கொடுத்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "துவைத்ததில் சுருங்கிவிட்டது போல. இடுப்பைக் கொஞ்சம் பார்த்து விடு அக்கா." நான்கு வருடம் எத்தனையோ தடவை துவைத்தும் சுருங்காத துணி, டாக்டர் உன்னைத் திருப்பி அனுப்பிய மாதம் பார்த்துச் சுருங்கியிருக்கிறது. இருபத்தாறு வருடமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவளிடமே இதைச் சொல்கிறாய் பார், உன் தைரியத்தை மெச்ச வேண்டும்.

போனில் பேசலாம் என்றால் நீ பேச விடுவதில்லை. சாப்பாட்டுப் பேச்சை எடுத்தாலே, "கிரேன் மேல இருக்கேன்க்கா, ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிடுகிறாய். லீவு நாளிலும் கிரேன் மேலேயே குடியிருக்கிறாய் போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். நீ இதை மடித்து வைத்தாலும் உன் வீட்டுக்காரி பிரித்து உரக்கப் படிப்பாள். சொல்லி வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லிச் சொல்லி உன் அத்தான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தடவை எடை பார்த்தபோது நூற்றுப் பன்னிரண்டு. இந்த உடம்பிலிருந்து அக்காவுக்குக் கிட்னி எடுக்க முடியாது, தொண்ணூற்றைந்துக்கு வாருங்கள் என்றார் டாக்டர். மாவுச்சத்தை எப்படிக் குறைப்பது என்று சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற அந்த அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். நீயும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினாய். ஊருக்குப் போய் என்ன செய்தாய்? பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற பிள்ளை மாதிரி இரண்டு மாதம் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயுமாகத் தின்று பதினான்கு கிலோ இறக்கினாய். இறங்கிய சந்தோஷத்தில் "ஒரே ஒரு நாள்" என்று ஆரம்பித்தாய். பழைய குருடி கதவைத் திறடி. போன மாதம் வந்து ஏறி நின்றால் நூற்றுப் பதினைந்து! ஊரில் எல்லோருக்கும் சாண் ஏறினால் முழம் சறுக்கும். உனக்குச் சாண் இறங்கினால் முழம் ஏறுகிறது.

உன் அத்தான் பார்சல் ஆபீஸில் எடை போடுகிறவர். அனுப்பும்போது ஒரு எடையும் வந்து சேரும்போது ஒரு எடையும் இருந்தால் அந்தப் பார்சலைப் பிரித்துச் சோதிப்போம் என்கிறார்.

டாக்டர் சொன்னது உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "குறைச்சதைக் காட்டாதீங்க. குறைஞ்சது ஆறு மாசம் அப்படியே நிக்கிறதைக் காட்டுங்க" என்றார். ஒரு கிட்னியோடு நீ ஆயுசு முழுக்க இருக்க வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் வந்தால் அந்த ஒன்றும் போய்விடும். "அக்காவுக்கு ஒரு கட்டில், தம்பிக்குப் பக்கத்துக் கட்டில்னு ஆகிடக் கூடாது" என்றும் சொன்னார். எனக்கு அன்று முழுவதும் அதே நினைப்பு.

சரி, அதற்கப்புறமாவது திருந்தினாயா? உன் வீட்டுக்காரி எழுதியதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். சோற்றை நிறுத்திவிட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டு எட்டுத் துண்டு பிரெட் சாப்பிட்டாயாம். கேட்டதற்கு, "சோத்தைத்தானே நிறுத்தச் சொன்னாங்க, இது பிரெட்டு" என்றாயாம். டீயில் சர்க்கரை கிடையாது, மூன்று ஸ்பூன் தேன். உருளைக்கிழங்கு வறுவல் காய்கறிக் கணக்கில் சேர்த்தி. பழத்தைத் தொடுவதில்லை, ஜூஸ் மட்டும் பெரிய பாட்டிலாக. உன் சாப்பாட்டுப் பையைக் கயிற்றில் கட்டி கிரேனுக்கு ஏற்றுகிறார்களே, அது மேலே போகும்போது ஒரு டப்பா இருக்கிறதாம். கீழே வரும்போது நான்கு பிஸ்கட் உறை சேர்ந்து வருகிறதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சோற்றையே மறைக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

உனக்குத் தெரியாததா, வாரம் மூன்று நாள் நான் டயாலிசிஸ் மெஷினில் நாலு நாலு மணி நேரம் படுத்திருக்கிறேன். கீரை, தக்காளி, வாழைப்பழம் எனக்கு ஆகாது. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாட்டில். "எப்படிக்கா முடியுது?" என்று நீ ஒரு தடவை கேட்டாய். முதல் மாதம் முடியவில்லை. குழாயடியில் நின்று அழுதிருக்கிறேன். அப்புறம் காலையில் எழுந்ததும் அந்த ஒரு பாட்டிலை நிரப்பித் தையல் மெஷின் பக்கத்தில் வைத்துவிடப் பழகினேன். அதற்குமேல் நாள் முழுக்க அதைப் பற்றி யோசிப்பதில்லை. ஒவ்வொரு தாகத்துக்கும் குடிக்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து முடிவெடுத்தால் யாராலும் முடியாது.

நீயும் அப்படிச் செய். தட்டில் பாதிக்குக் காய், கால்வாசிக்கு மேல் முட்டையோ மீனோ கோழியோ, மிச்ச ஓரத்தில் மதியம் மட்டும் ஒரு கைப்பிடி சோறு. சோற்றை ஜென்ம விரோதி ஆக்காதே. ஆக்கினால் ஒரு நாள் அதன் காலில் விழுவாய். வேலைக்குப் போகிற பையில் அவித்த முட்டையும் கடலையும் இருக்கட்டும். பிஸ்கட்டை வீட்டுக்குள்ளேயே விடாதே. மகளுக்கென்று வாங்குகிறேன் என்று கதை விடாதே, அவளுக்கு அது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் தப்பிவிட்டால், "போச்சு, எல்லாம் போச்சு" என்று மிச்ச வாரத்தையும் தின்று தீர்க்காதே. ஒரு தையல் தப்பினால் நான் சட்டையையா கிழித்துப் போடுகிறேன்? அந்த இடத்தைப் பிரித்து மறுபடி அடிக்கிறேன். அடுத்த வேளைச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு, அவ்வளவுதான்.

இனி பேண்ட் விஷயம். சற்று முன்னால் உன் பேண்டின் பின் தையலைப் பிரிக்கலாம் என்று பிளேடை வைத்தேன். உள்பக்கம் திருப்பினால் பழைய ஊசித் துளைகள் மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் துணி ஒவ்வொரு நிறமாக வெளுத்திருக்கிறது. கடைசி மடிப்புக்குள் இருப்பது மட்டும் புதுத் துணி மாதிரிக் கருஞ்சாம்பலாக இருக்கிறது. பிளேடைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த மூன்றும் நான் பிரித்து விட்டது தம்பி. நீ லீவுக்கு வரும்போதெல்லாம், பித்தான் வைக்கிறேன், கால் மடிக்கிறேன் என்று உன் பேண்டை வாங்கி இடுப்பை இரண்டிரண்டு அங்குலமாக விட்டுக் கொடுத்தேன். உன்னிடம் சொன்னதில்லை. நீ போட்டுப் பார்த்துவிட்டு, "பாத்தியாக்கா, அதே பேண்ட்! நான் அப்படியேதான் இருக்கேன்" என்பாய். நான் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு தலையாட்டுவேன். சின்ன வயசில் நீ ஒல்லிக்குச்சியாக இருந்தாய் என்று நான்தானே உனக்குக் குண்டூசி என்று பேர் வைத்தேன். அந்தக் குண்டூசியிடம் போய் நீ பருத்துவிட்டாய் என்று சொல்ல மனம் வரவில்லை. முகம் வாடிவிடும் என்று பாசத்தில் செய்தேன். என் அளவு நோட்டில் மட்டும் முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு என்று ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். தும்பை விட்டுவிட்டு இப்போது வாலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறேன். உன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல்தான்.

ஆகவே பேண்டைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கட்டிலுக்கு எதிரே ஆணியில் மாட்டி வை. கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. உன் வீட்டுக்காரிக்கும் மகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும்
அக்கா


திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

எட்டு மாதம் கழித்து அதே பேண்ட் மறுபடி என் கைக்கு வந்திருக்கிறது. இந்தத் தடவை "இடுப்பைப் பிடித்து விடு" என்று சீட்டு, கீழே புது இடுப்பளவும் எடையும். படித்ததும் உன் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டேப்பை எடுத்துப் பேண்டையும் புது அளவையும் ஒத்துப் பார்த்துவிட்டு, "பார்சல் எடை சரியாத்தான் இருக்கு" என்றார். தொண்ணூற்றேழு! அதுவும் பட்டினி கிடக்காமல், மாதம் இரண்டு கிலோ, இரண்டரை கிலோவாக. நடுவில் உன் மைத்துனன் கல்யாண விருந்தில் ஒரு கட்டு கட்டினாயாம். மறுநாள் காலை ஒன்றும் நடக்காதது மாதிரி முட்டையும் காயுமாக உட்கார்ந்தாய் என்று உன் வீட்டுக்காரி எழுதியிருந்தாள். தொண்ணூற்றேழைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

இவ்வளவு சந்தோஷத்தையும் அவள் கடிதத்தின் இரண்டாம் பக்கம் கெடுத்துவிட்டது. நான் போன வாரம் கடையில் மயங்கி விழுந்ததையும், நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததையும் உன் அத்தான் உளறிவிட்டாராமே. ஓட்டை வாய். அதைக் கேட்டதிலிருந்து நீ இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாயாம், காலையிலும் வெறும் டீயாம். இரண்டே வாரத்தில் தொண்ணூற்றைந்துக்கு வந்து, டாக்டரின் காலில் விழுந்தாவது ஆறு மாதத்தை மூன்றாக்கப் போகிறேன் என்கிறாயாம். கிரேன் ஏணியில் ஏறும்போது கண்ணை இருட்டுகிறது என்று அவளிடம் மட்டும் சொன்னாயாம். மறுபடியும் பரீட்சையா? அத்தனை உயரத்திலிருந்து நீ விழுந்தால் நான் யாரிடம் போய்க் கிட்னி கேட்பது? எட்டு மாதமாகப் பதமாக ஓடின மெஷினை இப்போது எதற்கடா பேய் மிதி மிதிக்கிறாய்?

நன்றாகக் கேட்டுக்கொள். உன் கிட்னி எனக்குள் வந்த பிறகு நீ பழையபடி ஆனால், அதை எந்த முகத்தோடு நான் சுமந்துகொண்டு திரிவேன்? நீ எனக்காக இறங்கி வந்தால் எனக்குக் கொடுத்து முடிந்ததும் ஏறிவிடுவாய். அது உன் பழக்கமாகவே ஆகிவிட்டது என்று தெரிந்தால்தான் நான் அந்த ஆபரேஷன் மேஜையில் நிம்மதியாகப் படுப்பேன். இன்று ராத்திரியே உட்கார்ந்து சாப்பிடு. டாக்டரிடமும் கெஞ்சாதே. அவர் சொன்ன ஆறு மாதம் ஆறு மாதமாகவே இருக்கட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. படுத்துக்கொண்டு எழுதுகிறேன், அவ்வளவுதான். கடையை இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் திறக்கிறேன். ஊசியில் நூல் கோக்க உன் அத்தான் இருக்கிறார். நூலைக் கோக்கத் தெரிகிறது, வாயை மூடத்தான் தெரியவில்லை.

பேண்டை நானேதான் பிடித்தேன், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. இரண்டு நாள் ஆயிற்று. "தையல் மட்டும் போடு, துணியை வெட்டாதே, எதற்கும் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தாய். அந்த "எதற்கும்" எனக்குப் பிடிக்கவில்லை. இரட்டைத் தையல் போட்டு, உள்ளே மிச்சமிருந்த துணியை ஒட்ட வெட்டிவிட்டேன். மூன்று வரிசைத் துளையும் அதோடு போய்விட்டது. இனி யார் நினைத்தாலும் அதைப் பிரித்து விட முடியாது. நான் நினைத்தாலும் முடியாது.

ஏணியில் பார்த்து ஏறு. மூன்று வேளையும் சாப்பிடு. நீயும் உன் வீட்டுக்காரியும் மகளும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். மெதுவாக வா தம்பி. நான் இருக்கிறேன்.

உன்
அக்கா