ப்ரோக்கோலியும் மெஸ் கேரியரும்

சதுரங்கப்பட்டினம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் சஹானாவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம், சுகத்தோடு ஜெயம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நிதானமாக உட்கார்ந்து படி.

போன மாதம் வீடியோவில் என் ப்ரோக்கோலியைப் பார்த்துவிட்டு, அம்மாவால் இனி சமைக்க முடியாது, மெஸ் சாப்பாடு ஏற்பாடு பண்ணு என்று உன் அண்ணன் பார்த்திபனிடம் சொன்னாயே, அது எனக்கு எப்படி இருந்திருக்கும்? கான்வென்ட்டில் ஹோம் சயின்ஸுக்குப் பரிசு வாங்கியவள் நான். அப்பா கல்பாக்கத்தில் வேலை பார்த்தவரை அவருடைய டிபன் பாக்ஸ் ஒருநாளும் மிச்சத்தோடு திரும்பியதில்லை. அன்று ப்ரோக்கோலியைக் காலிஃப்ளவருக்குத் தம்பிதானே என்று குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டேன், காக்கிக் கூழாகி நாற்றமடித்தது. பக்கத்து வீட்டு ஃபர்சானா ஓடிவந்து, ஆன்ட்டி கேஸ் லீக்காவுது, லைட்டு போடாதீங்க என்று கத்தியதும் உண்மைதான். ஒரு காய் குழைந்ததற்காக அடுப்பையே பிடுங்குவதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுப் பார், பிடிக்காவிட்டால் மெஸ்ஸுக்குச் சம்மதிக்கிறேன் என்று பார்த்திபனிடம் சொல்லிவிட்டேன்.

பிறகு பஸ் ஏறிக் கேளம்பாக்கம் போய் நானே பொறுக்கி வாங்கினேன். மொட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், மஞ்சள் தட்டியதைத் தொடக்கூடாது. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு, பச்சை பளிச்சென்று ஏறியதும் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுவிட வேண்டும், மூடி போடவே கூடாது. கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்துத் தேங்காய் தூவிப் பொரியல் செய்தால் பீன்ஸெல்லாம் பின்னால்தான் நிற்க வேண்டும். மஞ்சள்தூள் வேண்டாம், நிறம் மங்கும். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு இரும்புச் சட்டியில் ஓரம் லேசாகக் கருகும்வரை வதக்கினால் அது தனி ருசி. ஃபர்சானாவைத்தான் ருசி பார்க்க வைத்தேன். முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவள், மறுநாள் கிண்ணத்தோடு வந்து, இன்னிக்கு இன்னா ஸ்பெஷல் ஆன்ட்டி என்று நின்றாள்.

இன்று மதியம் பார்த்திபன் வந்தான். கையில் என்ன தெரியுமா, மெஸ் கேரியர்! எதுக்கும் இருக்கட்டும்மா என்றான். நான் இலையைப் போட்டேன். வறுவலை முதலில் ஓரம் தள்ளினான், என் முகத்தைப் பார்த்து ஒன்றை எடுத்து வாயில் போட்டான். அதன்பின் இலையில் வறுவல் மிஞ்சவில்லை. பொரியல் மறுபடி மறுபடி கேட்டான். துவையலைச் சோற்றில் பிசைந்து, பீர்க்கங்காயாம்மா என்றான். நீங்களெல்லாம் வெட்டி எறிகிற ப்ரோக்கோலித் தண்டுடா என்றேன். தோலைச் சீவி வதக்கி, உளுந்தும் மிளகாயும் புளியும் வைத்து அரைத்தது. கேரியர் மேசையில் மூடியபடியே இருந்தது. கிளம்பும்போது தலையைச் சொறிந்துகொண்டு, வைஷாலிக்கும் கொஞ்சம் குடும்மா, பாத்திரம்தான் கொண்டுவரலை என்றான். மெஸ் சோற்றை ஃபர்சானா வீட்டுக் கோழிகளுக்கு வைத்தேன். அதே கேரியரைக் கழுவித் துடைத்து, பொரியல், வறுவல், துவையல் என்று அடுக்கடுக்காக நிரப்பி உன் அண்ணிக்குக் கொடுத்தனுப்பினேன்.

மெஸ்காரரிடம் வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு, ஏற்பாடு பண்ணச் சொன்னவள் நீதானே. அங்கே ப்ரோக்கோலி வாங்கினால் தண்டை எறியாதே, குக்கர் பக்கமும் கொண்டுபோகாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த வாழ்வு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தன் அடுப்படியிலிருந்து
உன் அம்மா,
கல்யாணி.