முத்திரை இல்லாத மீற்றர்

அக்கா,

இன்று காலை என் வீட்டு முன்னறைச் சுவரில் கறண்ட் மீற்றர் பூட்ட ஓட்டை போட்டார்கள். பழைய சுண்ணாம்புச் சாந்தின் மணம் குசினி வரை வந்தது. உடனே வேலணையில் இருந்த உங்கள் வீடு நினைவுக்கு வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகப் போகிறது. உங்களோடு பேச வேண்டும் போல இருந்தது.

நானும் மகளும் உங்கள் வீட்டில் ஓர் அறைக்கு வாடகைக்கு வந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு தையல் மெசின்தான். பின்னறையில் அல்லைப்பிட்டி அன்ரன் அண்ணை, மீன் வைக்கும் பெரிய குளிர்ப்பெட்டியோடு இருந்தார். வீட்டுக்கு ஒரே மீற்றர். பில் வந்தால் சண்டை.

"உம்மடை அயன்பெட்டிதான் கறண்டைக் குடிக்குது" என்பார் அவர்.

"உங்கடை பெட்டி இரவு பகலா ஓடுதே, அது காத்திலையோ ஓடுது?" என்பேன் நான்.

அலுத்துப்போய்த்தான் என் அறைக்குத் தனியாக ஒரு சின்ன மீற்றர் போடுவித்தீர்கள். அது காட்டிய கணக்குப்படி கட்டத் தொடங்கியபிறகு, தைத்துச் சம்பாதித்ததில் பாதி கறண்டுக்கே போனது. "பாத்தீரோ, நான் சொன்னது சரி" என்று அன்ரன் அண்ணை சிரித்தார். காற்றாடியை நிறுத்தினேன். மகள் வேர்த்து வழிய இருந்து படித்தாள். உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அறையை விடச் சொல்வீர்களோ என்று பயம். கரி அயன்பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, ஒரு பின்னேரம் அதற்குக் கரி எடுக்க முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டை எரித்துக்கொண்டிருந்தேன். சாட்டிக் கடற்கரைக்குப் போய்த் திரும்பிய நீங்கள் படலையடியில் நின்றுவிட்டீர்கள்.

"என்ன இது? கறண்ட் இல்லையோ?"

"இருக்கு அக்கா. எனக்குக் கட்டேலாமல் கிடக்கு."

கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மீற்றரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். இறங்கும்போது முகம் கறுத்திருந்தது.

"இதிலை ஒரு முத்திரையும் இல்லை. ஆரும் சோதிச்சுப் பாத்த சாமான் இல்லை இது."

அன்றுதான் லண்டன் கதையைச் சொன்னீர்கள். நீங்கள் அங்கே போன புதிதில் கடைக்கு மேலே ஓர் அறை. வீட்டுக்காரன் வைத்த மீற்றருக்குக் காசு போட்டால்தான் சூடு வரும். போட்ட காசு போட்ட வேகத்திலேயே தீர்ந்துவிடும். கைக்குழந்தையைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு ஒரு குளிர்காலத்தைக் கழித்திருக்கிறீர்கள். அங்கீகாரம் இல்லாத மீற்றரை வைத்து வாடகைக்காரரிடம் காசு வாங்குவது அந்த நாட்டுச் சட்டத்துக்கு விரோதம் என்று தெரிந்தபோது, அந்த அறையை விட்டு வந்து கனகாலம்.

"அவன் செய்த வேலையை இப்ப நான் செய்துகொண்டு இருக்கிறன்" என்றீர்கள்.

மறுநாள் மீற்றர் பூட்டியவரைக் கூப்பிட்டீர்கள். "எல்லா வீட்டிலையும் இதைத்தான் போடினம் அக்கா" என்றார் அவர்.

"போடட்டும். என்ரை வீட்டிலை கழட்டும்."

கனடாவிலிருந்து உங்கள் தம்பி தொலைபேசியில் கத்தியது எனக்கே கேட்டது. குடியிருக்கிறவர்களுக்குச் சும்மா கறண்ட் கொடுக்க உனக்கென்ன விசரோ என்றார். "ஓம், விசர்தான்" என்று வைத்துவிட்டீர்கள். சோதித்து முத்திரை குத்திய மீற்றர்கள் கிடைக்கும்வரை முழுப் பில்லையும் நீங்களே கட்டினீர்கள். அவை வந்தபோது முத்திரையை எங்கள் இரண்டு பேருக்கும் காட்டிய பிறகுதான் பூட்டவிட்டீர்கள்.

அதே தையல், அதே அயன். எனக்கு வந்த பில் முன்பு வந்ததில் பாதி. அன்ரன் அண்ணை தன் மீற்றரைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "குடிச்சது என்ரை பெட்டிதான், பிள்ளை" என்றார். அன்று பின்னேரம் ஒரு விளைமீனை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். போன வருடம் உங்களைத் தூக்கிப் போனவர்களில் அவர்தான் முன்னால் நின்றார்.

இப்போது சுருவிலில் எனக்கென்று ஒரு சின்ன வீடு இருக்கிறது, அக்கா. முன்னறைக்குக் குடிவரப்போவது ஓர் இளம் சோடி. இன்று பூட்டிய மீற்றரில் முத்திரை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் தொடங்கினேன். ஆனால் உங்களிடமிருந்து எனக்கு வந்தது மீற்றர் பார்க்கும் பழக்கம் மட்டுமில்லை. "ஏன் என்னட்டைக் கேக்கேல்லை? கேக்கிறது சண்டை பிடிக்கிறதில்லை" என்று சிரட்டை எரித்த அந்தப் பின்னேரம் என்னைக் கடிந்தீர்களே, அதுதான் இன்னும் என்னோடு இருக்கிறது.

போன கிழமை மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பேசி முடிந்து எழும்பும் நேரம், "கலியாணத்துக்குப் பிறகு இவள் வேலைக்குப் போகலாமோ?" என்று கேட்டேன். சொந்தக்காரர் எல்லாரும் என்னை முறைத்தார்கள். மாப்பிள்ளைப் பெடியன்தான் பதில் சொன்னான்.

"ஓம் மாமி. போகத்தானே வேணும்."

உள்ளறையில் மகள் சிரித்தது எனக்குக் கேட்டது.