பந்து எறியும் மிஷின்

1956, தை மாதம், வியாழன் இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர், ஜூஜுவாடி பட்டறையில் லாரி ஸ்பிரிங்கை வைத்துப் பந்து எறியும் மிஷின் ஒன்று செய்து வாங்கியிருக்கிறார். கிரிக்கெட் டீமில் மற்றவர்களுக்குப் பந்து போடுவதுதான் இதுவரை என் வேலை. மிஷின் வந்த பிறகுதான் நான் மட்டை பிடித்தேன்.

இன்று மாலை கேப்டன் சம்பங்கி வந்தான். அவன் அப்பாவின் நிலத்தில்தான் என் அப்பா ஏர் ஓட்டுகிறார்.

"மிஷின் ஒரே மாதிரி எறியுது. அதுல பழகி என்ன பிரயோசனம்? மாரன் பந்து போடட்டும்" என்று என்னைக் காட்டினான்.

"உனக்குப் போட நான் இருக்கேன். எனக்கு யாரு போட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நானே போடறேன், அடி பாக்கலாம்!"

முதல் பந்து தரையில் பட்டதும் பக்கவாட்டில் திரும்பி ஸ்டம்பைச் சாய்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் நகரவில்லை.

"இன்னொண்ணு போடு" என்றேன்.

அதை ஓங்கி அடித்தேன். ராகி அறுத்த கொல்லையில் போய் விழுந்தது.

"போய் எடுத்துட்டு வாடா" என்றான்.

"போட்டவன்தானே எடுக்கணும்? இத்தனை நாளா நான்தான் எடுத்தேன்."

கடைசியில் சம்பங்கியே போனான்.

மிஷின் பந்து திரும்பாது, உண்மைதான். அதற்காக விடமாட்டேன். காலையில் அப்பாவை சம்பங்கி வீட்டில் ஏதாவது கேட்கலாம். கேட்கட்டும். மாலையில் மட்டையோடுதான் நிற்பேன்.