எழவுக்கு ஒரு "மீண்டும் வருக"

கிளிஞ்சல்மேடு,
9.8.2008

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அம்மா எழுதுவது, நானும் அப்பாவும் இங்கே கருவாட்டு வாடையோடு சுகம், நீ சிங்கப்பூர் ஏசியில் வாசனையாகச் சுகமாயிருக்க மாரியம்மன் துணை. முதலில் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் கருவாட்டுக் கடை கம்ப்யூட்டரில் வந்துவிட்டதென்று மார்க்கெட் முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் நான்தான். அந்தக் கம்ப்யூட்டர் இடத்துக்குப் பேர் ஆர்குட்டாம், அது வாயில் நுழையாமல் ஆறு கட்டு, ஆறு கட்டு என்று சொல்லித் திரிந்தேன், ரெண்டு பேர் ஆறு கட்டு என்ன விலை என்று கேட்டார்கள்.

இப்போது உன் சித்தப்பா அருள்மணியின் லட்சணத்தைக் கேள். பூட்ஸ் போட்ட ஒருவன் ஓட்டலில் வகுப்பு எடுத்தானாம், கடையைப் பற்றி யார் எது எழுதினாலும் உடனே பதில் போட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகுமாம். நம் துரைக்கு யோசிப்பதென்றால் கைகால் உதறுமே, ஒரே பதிலை எழுதி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் ஒட்டுகிறார். கருவாட்டில் மண் என்றாலும் அதே, ருசி என்றாலும் அதே. கடைக்கு வருகிறவளிடம் முகம் பார்த்துப் பேசத் துப்பில்லை, இதில் ஒவ்வொரு பதிலுக்கும் வாலில் மஞ்சள் மூஞ்சி பொம்மை ஒன்று வேறு பல்லைக் காட்டுகிறது.

கோட்டுச்சேரி பூமிநாதன் மாமா, நம் வாளைக் கருவாடு இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனுஷன், போன வாரம் தவறிவிட்டார். பெங்களூரிலிருக்கும் அவர் மகள் ஓவியா, அப்பா போய்விட்டார், உங்கள் கருவாடு என்றால் அவருக்கு உயிர் என்று நம் கடையின் ஆர்குட்டில் எழுதியிருக்கிறாள். நம்மவர் பதில், உங்கள் கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக. யாருங்க மீண்டும் வரணும், எங்கப்பாவா என்று அவள் கேட்டதற்கும் அதே பதில். எழவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவே வாய் கூசும் ஊரில் இந்த அறிவு! பதில் போட்டாச்சுல்ல அண்ணி என்று என்னிடம் பெருமை வேறு.

மாமாவின் மனைவி அஞ்சுகம் எனக்குக் கல்யாணம் ஆன நாளாய்த் தோழி. இனி அவள் முகத்தில் விழிக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே நேற்று நானே போனேன். கட்டிக்கொண்டு அழுதாள், அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, மீண்டும் வரச் சொன்னீங்களாமே, வாளைன்னா அந்த மனுஷன் வந்தாலும் வருவாருடி என்று சிரித்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நீயும் யாருக்கும் பொத்தானைத் தட்டிப் பதில் போடாதே, சொந்தமாக ரெண்டு வார்த்தை எழுது. ஓவியாவுக்கு மறக்காமல் போன் செய். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வயிறும் மனசும் நிறைந்து இரு என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். அஞ்சுகம் வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் இறங்கியதில் செருப்பு மாறிவிட்டது. இரண்டும் இடது கால். எழவு வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கேட்கிற வழக்கமில்லை, அப்படியே பஸ் ஏறி வந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா பூங்கொடி