குணா, அந்தப் புரோகிராம் உன்னுடையது

அன்பு மச்சான் குணாவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இந்தக் கடிதத்தை ஐந்து முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். எதையும் குறிப்பெடுத்து, வரிசைப்படுத்தி, பிறகுதான் நான் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். "நீ புரோகிராமர் இல்லடா, கிளார்க்கு" என்று கிண்டல் செய்வாய். இந்தத் தடவை குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் எதையாவது மறைத்துவிடுவேனோ என்று பயம்.

எண்பதுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்தில் நாம் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. இதைப் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள். அப்போது கணினியை நாம் தொடவே முடியாது. ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று துளையிட்டு, கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். மறுநாள் தாளில் விடை வரும். எனக்குப் பெரும்பாலும் பிழை என்றே வரும். ஒரு விதியும் இருந்தது. கட்டமும் அம்புக்குறியுமாக முதலில் ஃப்ளோசார்ட் வரைந்த பிறகே புரோகிராம் எழுத வேண்டும். நீ ஒருநாளும் வரைந்ததில்லை. பஸ்ஸில் வரும்போதே மனத்தில் எழுதி முடித்துவிடுவாய்.

அந்தப் பருவத்தில் கொடுத்த வேலை, துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல்கள் எந்த வரிசையில் உள்ளே வரும் என்று கணக்கிடுவது. உன் அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அழுகும் சரக்கு வந்தால் வரிசையை மீறி உள்ளே விடுவார்கள் என்று அவர் சொல்லி உனக்குத் தெரியும். அதையும் உன் புரோகிராமில் சேர்த்தாய்; வகுப்பில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. என் அட்டைக்கட்டோ நான்கு முறை பிழையோடு திரும்பி வந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உன் தாள்களை வைத்தாய்.

"பாத்துக்க மச்சான். அப்படியே எழுதாத லா, கொஞ்சம் மாத்து" என்று சொல்லிவிட்டுக் கிள்ளான் பஸ்ஸைப் பிடிக்கப் போனாய்.

புரோகிராமில் வரும் பெயர்களை மாற்றினேன். மாற்றத் தெரியாத இடங்களை அப்படியே எழுதினேன். அழுகும் சரக்கு பற்றிய வரிகளையும் விடாமல் எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, முடிந்த புரோகிராமிலிருந்து பின்னோக்கி ஒரு ஃப்ளோசார்ட் வரைந்தேன். கட்டம் வரையும் பச்சை பிளாஸ்டிக் அச்சை வைத்து, கறுப்பு மையில், ஒரு கோடு பிசகாமல். ஏமாற்றுவதற்காக வரையவில்லை, விதி என்பதால் வரைந்தேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது எவ்வளவு உண்மை என்று தெரியவில்லை.

விரிவுரையாளர் நம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டும் ஒன்றேபோல் இருக்கின்றன, யார் முதலில் எழுதியது என்று கேட்டார். நாம் பேசாமல் நின்றோம். ஃப்ளோசார்ட்டை எடுங்கள் என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். உன்னிடம் கொடுக்க எதுவும் இல்லை. அவர் என் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய்.

நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்து படியிறங்கும்போது நீ கோபப்படவில்லை. "நீ சொல்லுவேன்னு பாத்தேன் மச்சான்" என்றாய். கொஞ்சம் கழித்து, "சரி விடு, வா, தே குடிக்கலாம்" என்றாய். என் கிளாஸில் தேநீரின்மேல் பாலாடை படிந்ததுதான் நினைவிருக்கிறது. ஏன் உள்ளேயே நீ வாய் திறக்கவில்லை, குணா? திறந்திருந்தால் நான் மறுத்திருப்பேன் என்று நினைத்தாயா?

உனக்கு அந்தப் பாடத்தில் சுழியம் போட்டார்கள். அந்த ஆண்டையே திரும்பப் படிக்கச் சொன்னார்கள். நீ திரும்பி வரவில்லை. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலைக்குப் போய், அங்கேயே ஓய்வு பெற்றாய். நான் பட்டம் வாங்கி, ஷா ஆலமில் அரசாங்கக் கணினிப் பிரிவில் முப்பது வருடம் இருந்தேன். உன் கல்யாணத்துக்கு வந்தேன், தீபாவளிக்கெல்லாம் வந்தேன். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்து, முறுக்கைத் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பண்டமாரானில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் மகள் கவிதா எனக்கு இலை போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கவா? அப்பா காப்பியடிச்சுதான் யூனிவர்சிட்டிய விட்டு வெளிய வந்தாருன்னு சித்தப்பா சொல்றாரு. அப்பாகிட்ட கேட்டா சிரிப்பாரு, பதில் சொல்லமாட்டாரு. நீங்க கூடதானே படிச்சீங்க? அப்படியா அங்கிள்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பழைய கதைம்மா" என்றேன். அவள் தலை குனிந்துகொண்டாள். அந்தக் குனிதலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். முதல் தடவை எனக்கு வயது இருபத்தொன்று. இந்தத் தடவைக்கு என்ன சாக்கு?

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பண்டமாரானுக்குப் போகிறேன். கவிதாவின் முன் உட்கார்ந்து இதை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பேன். உன் தம்பியையும் கூப்பிடச் சொல்வேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அதன் பிறகுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புவேன். அதற்கு முன் அனுப்பமாட்டேன். ஆகவே இதை யாராவது அச்சில் படித்துக்கொண்டிருந்தால், உன் மகளுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

வாய் திறக்காத உன் மச்சான்,
சிவராஜா