நடு விலைக்காரி

ஜனவரி 8
இன்றும் விலைப் பேச்சுதான். எங்கள் கம்பெனியின் டேப்லட் கணினிகள் மூன்று. நடு மாடலின் விலையை மேல் மாடலுக்குக் கிட்டத்தில் வைப்பது என் வேலை. 'இன்னும் கொஞ்சம் போட்டால் பெரியதே கிடைக்குமே' என்று ஆட்கள் மேலே ஏறிவிடுவார்கள்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கற்பனை வாடிக்கையாளரை எழுதிச் சுவரில் ஒட்டுவது ஆபீஸ் வழக்கம். நடு மாடலுக்கு நான் எழுதியவள் சியாமளா. ஐம்பத்தெட்டு வயது, டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பு, கணவர் இல்லை, டொரன்டோவில் இருக்கும் மகன் அம்பியோடு தினமும் வீடியோவில் பேசுபவள். இடது கையால் காபி ஆற்றுவாள் என்றுகூட எழுதினேன். எனக்குக் கை சும்மா இருக்காது.

ஜனவரி 15
நடு மாடல் வாங்கியவர்களை வீட்டில் போய்ப் பார்க்கும் நாள். ஐ.என்.ஏ. மெட்ரோவில் இறங்கி நடந்தேன். கதவைத் திறந்தவர் பெயர் சியாமளா.

"வாங்கோ. இப்போதான் அம்பியோட பேசி வெச்சேன். டொரன்டோல ஒரே பனியாம்."

காபி ஆற்றினார். இடது கை.

தற்செயல்தான். வேறென்ன?

ஜனவரி 16
பழைய பதிவுகளைத் தேடினேன். போன மாதம் நிறுத்திய மாடலுக்கு நான் எழுதியவர் பரமசிவம், கரோல் பாக் கடைக்காரர். அப்படி ஒருவர் நிஜமாகவே வாங்கியிருக்கிறார்! போன் போட்டேன். மகள் எடுத்தாள். "அப்பா தவறிட்டாங்க." தேதி கேட்டேன். அவர் தாளைச் சுவரிலிருந்து நாங்கள் கிழித்த அதே நாள்.

ஜனவரி 20
மேனேஜர் கதிரவன் சொல்லிவிட்டார்: "நடு மாடலைத் தூக்கிடலாம், எவனும் வாங்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள சுவரையும் கிளியர் பண்ணிடுங்க, ஜல்தி."

யாரும் வாங்கக் கூடாதென்றுதானே அந்த விலையே வைத்தோம்! ஐயோ, அந்த அம்மா என்ன பாவம் பண்ணாங்க?

ஜனவரி 22
ஒரு வழி தோன்றியது. மேல் மாடலை நிறுத்தப் போவதில்லை. சியாமளாவை அந்தத் தாளுக்கு மாற்றினேன். மேல் மாடல் வாங்குபவர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்களுக்கு விதி உண்டு: ஓவியம் வரைபவர், தனக்காகவே செலவழிப்பவர், குடும்பம் இல்லாதவர். அம்பியைப் பற்றிய வரியை அடித்து நீக்கினேன்.

"அச்சா, இது நல்லாருக்கு" என்றார் கதிரவன்.

ஜனவரி 23
நடு மாடலை நிறுத்திவிட்டார்கள். போன் போட்டேன். சியாமளா மாமி எடுத்தார், நன்றாகப் பேசினார்! மெட்ரோவில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

பிப்ரவரி 1
நேரில் போனேன். புது டேப்லட், எங்கள் மேல் மாடல், பேனாவோடு. மரங்களாக வரைந்து வைத்திருந்தார். முகத்தில் ஒரு கவலை இல்லை.

"அம்பி எப்படி இருக்கார் மாமி?"

"எந்த அம்பி? எனக்குக் குழந்தையே கிடையாதேம்மா."

விளையாடுகிறாரா? இல்லை. அப்போது அலமாரிக்குள் பழைய டேப்லட் அடித்தது. நான் எழப் போனேன்.

"விடுங்கோ, ராங் நம்பர். தினம் எவனோ கூப்பிடறான். எடுத்தா அம்மா அம்மான்னு அழறான். பாவம், யாராத்துப் பிள்ளையோ."

அது அடித்து ஓயும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம்.