பெண் மூன்று, ஆண் இரண்டு

திகாம் பத்து
9 மார்ச் 1953

அன்புள்ள முகம்மது ஹனீபா நானாவுக்கு, தங்கை சம்சியா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளையும் அல்லாஹ் கிருபையால் சுகம். உங்கள் மச்சான் ஜைனலைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

வியாழக்கிழமையிலிருந்து அவர் போலீஸ் காவலில் இருக்கிறார். சாப்பாட்டுக் கடைக்கு மீன் எடுக்கத் தஞ்சோங் டாவாய் போய், மீன் லாரியில் திரும்பியிருக்கிறார். சுங்கைப் பட்டாணி தாண்டியதும் தடுப்பில் நிறுத்திச் சோதித்தார்களாம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கடத்தும் அரிசியோ மருந்தோ இருக்கிறதா என்று தேடியவர்களுக்கு, அவர் சட்டைப்பையில் நீங்கள் கேட்ட மீன் காதுக்கல் பொட்டலங்கள் கிடைத்தன. உங்களுக்குத் தபாலில் அனுப்பக் கொண்டுபோனவை. தபால் ஆபீஸ் மூடிவிட்டதால் பையிலேயே இருந்திருக்கின்றன.

கல்லைக் கண்டு அவர்கள் சந்தேகப்படவில்லை நானா. பொட்டலத்தின் மேல் இருந்த என் எழுத்துதான் வினையாகிவிட்டது. “லங்காவி, நாற்பது பாகம். பெண் மூன்று, ஆண் இரண்டு.” எந்தக் கடலில், எத்தனை பாக ஆழத்தில் பிடித்தது, ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதச் சொன்னபடிதான் எழுதினேன். காட்டில் இருப்பவர்களுக்கு ஆள் கணக்குப் போகிறது என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லிவிட்டார்.

மறுநாளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். எழுதியது என் கை என்றேன். ஆழ்கடலில் கிடைக்கும் மேரா என்கிற சிவப்பு மீனின் காதுக்கல்லில் மரத்தில் விழுவதுபோல் வளையம் விழும், எண்ணினால் வயது தெரியும், நம் கடலில் குளிர்காலம் இல்லாததால் எப்போது விழுகிறது என்று நிச்சயமில்லை, அதனால்தான் மாதாமாதம் கல் அனுப்புகிறோம் என்று நீங்கள் எழுதியதையெல்லாம் சொன்னேன். வெள்ளைக்கார அதிகாரி கேட்டுவிட்டு, “மீனுக்கு வயசு தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகணும்?” என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். சின்னதாகவே பிடித்துக்கொண்டு போனால் முட்டையிட மீன் இருக்காது என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

இன்று அதைவிட மோசம். உங்கள் மீன்துறை ஆபீசுக்குத் தந்தி அடித்தார்களாம். கல் சேர்க்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு இல்லை என்று சிங்கப்பூரிலிருந்து பதில் வந்திருக்கிறது. இந்த மீன் நாலைந்து வருஷத்துக்கு மேல் வாழாது என்று உங்கள் மேலதிகாரி சொல்வதாகவும், உங்களுக்கு அது சரியாகப் படவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தீர்கள். அவருக்குத் தெரியாமலா எங்களிடம் கேட்டீர்கள்?

கடைக்கு ஆள் வருவதில்லை. தினமும் வரும் புக்கிட் செலம்பாவ் தோட்டத்து இருளப்பன் அண்ணன்கூட சைக்கிளை நிறுத்தாமல் போகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மசாலா அரைக்கும் மருதம்மாள் அக்கா மட்டும் வந்து, “பயந்துகிட்டு அடுப்பு மூட்டாம இருந்தா தப்பு செஞ்சவங்கன்னுதான்லா நெனைப்பாங்க” என்று அதட்டி உலை வைக்க வைத்தார்.

எந்த லாரி சத்தம் கேட்டாலும் அவர்தானோ என்று வாசலுக்கு ஓடுகிறேன். விசாரணை இல்லாமல் எத்தனையோ பேரைத் தடுப்பு முகாமுக்கு அனுப்புகிறார்கள். கடிதம் போதாது நானா. நீங்களே வாருங்கள்.

சம்சியா

*

திகாம் பத்து
2 ஏப்ரல் 1953

அன்புள்ள நானா,

ஸலாம். நீங்கள் நல்லபடி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததாக எழுதிய இரண்டு வரி கிடைத்தது. அதில் ஆபீசைப் பற்றி ஒன்றும் இல்லை.

நீங்கள் வந்த அன்று போலீஸ் நிலையத்தில் நான் வெளிப் பெஞ்சில் இருந்தாலும் எல்லாம் காதில் விழுந்தது. “கல்லைக் கேட்டது நான். ஆபீசுக்குத் தெரியாமல் கேட்டேன். ஜைனலுக்கு ஒன்றும் தெரியாது” என்றீர்கள். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு நகல் உங்கள் மேலதிகாரிக்குப் போகும் என்று அவர்கள் சொன்னதும் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தேன். நீங்கள் யோசிக்கவேயில்லை. பேனா எங்கே என்று கேட்டீர்கள்.

மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டாலும் மனசு இன்னும் வரவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறார். பின்கதவு வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அடித்தார்களா என்று கேட்டால் குழம்பில் உப்பு பார்க்கச் சொல்கிறார். நேற்று அடுப்படியில் நின்றவர் திடீரென்று, “நாம கல் எடுத்த அந்தப் பெரிய மீனுக்கு என்ன வயசுன்னு உங்க நானா சொன்னாரா?” என்றார். இருபது வளையத்துக்குக் குறையாது என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். “நான் இந்த ஊருக்குக் கப்பல்ல வந்தப்பவே அது கீழ நீந்திக்கிட்டு இருந்திருக்கு” என்று சொல்லிச் சிரித்தார். காவலிலிருந்து வந்தபின் அவர் சிரித்ததை நேற்றுத்தான் பார்த்தேன்.

இருளப்பன் அண்ணன் மறுபடி சாப்பிட வருகிறார். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறார். நானும் ஒன்றும் கேட்காமல் சோறு கொஞ்சம் கூடுதலாக வைக்கிறேன்.

நானா, உங்களுக்கு வேலை இருக்கிறதா? எனக்கு மறைக்காதீர்கள். போயிருந்தாலும் தனியாக அறையில் கிடக்க வேண்டாம். மாடி முன்னறையைக் கழுவி, ஜன்னல் பக்கம் மேசை போட்டிருக்கிறோம். அங்கே வெளிச்சம் நன்றாக வரும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வசதியாக இருக்கும். உங்கள் மச்சான்தான் தூக்கிப் போட்டார். ஆறு மணிக்கு ஊரடங்கு, அதனால் பகல் ரயிலில் வாருங்கள். அல்லாஹ் உங்கள் கண்ணுக்கும் கைக்கும் குறை வைக்காமல் காக்கட்டும்.

வழி பார்த்திருக்கும் தங்கை,
சம்சியா